அசுந்தா அப்படிச் சொல்லவில்லை

அந்தச் சனிக்கிழமை நடந்ததைப் பற்றி சான் ரமோன் தமிழ்க் குடும்பங்களில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். ஜலஜாவுக்கு மைக் மேல் ஆசை என்கிறார்கள் சிலர். வயசு அப்படி, ஹார்மோன் படுத்துகிறது என்கிறார்கள் சிலர். தலைவர் ஸ்ரீநிவாசன் மேல் ஏதோ பழைய பகை இருக்க வேண்டும் என்று இன்னும் சிலர். எல்லாமே பொய். நடந்தது இதுதான்.

ஜலஜா ஈரோட்டில் பிறந்தவள். கணவன் வேலுமணி கார் இன்ஜின் வடிவமைப்பவன். கலிஃபோர்னியாவில் இந்தச் சான் ரமோனுக்கு வருவதற்கு முன் அவர்கள் ஏழு வருடம் இத்தாலியில், டூரின் நகரத்தில் இருந்தார்கள். வேலுமணி ஆபீஸில் ஆங்கிலத்தை வைத்து ஒப்பேற்றிவிட்டான். கறிகாய்க் கடை, வீட்டு ரிப்பேர், வீட்டை வாடகைக்கு விட்ட கிழவியோடு சண்டை எல்லாம் ஜலஜாவின் தலையில் விழுந்தன. அவளுக்கு இத்தாலியன் வந்தே தீர வேண்டியிருந்தது. வந்தது, சண்டை போடும் அளவுக்கே வந்தது.

சான் ரமோனுக்கு வந்தபின் அவள் வீட்டிலிருந்தபடியே மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்க்கும் வேலையில் சேர்ந்தாள். ஊரிலிருந்து வந்த பெற்றோர் டாக்டரிடம் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். ஒன்றையும் கூட்டக் கூடாது, ஒன்றையும் விடக் கூடாது. “அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லாதீங்க, கட்டின்னு மட்டும் சொல்லுங்க” என்று மகன் கெஞ்சினாலும், டாக்டர் கேன்சர் என்றால் கேன்சர்தான். பதினோரு வருடமாக இதே வேலை. பிறர் வாயிலிருந்து வருவதை மாற்றுவது அவளுக்குக் கை நீட்டித் திருடுவது மாதிரி.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ம்ருதி அவள் வீட்டுக்கு லேப்டாப்போடு வந்தாள். ஸ்ம்ருதி, ஜலஜாவின் தோழி ஷ்யாமளாவின் ஒரே மகள். இருபத்தெட்டு வயது, குபெர்டினோவில் வேலை. அதற்கு முந்தைய வருடம்தான் அவளுக்கும் ஸ்ரீநிவாசனின் மகன் ஆர்யனுக்கும் நடக்க இருந்த கல்யாணம், நாள் நெருங்கிய பிறகு நின்றுபோயிருந்தது. நான்கு வருடம் காதலித்தவர்கள். “ஜாதகத்துல ஏதோ இடிக்குதாம்” என்று சொல்லி பையன் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஐந்தே மாதத்தில் ஆர்யனுக்குச் சென்னையில் வேறு கல்யாணம் ஆகிவிட்டது. ஜலஜாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஷ்யாமளா அதைப் பற்றி வாய் திறப்பதில்லை, ஜலஜாவும் கிண்டிக் கேட்பதில்லை.

“ஆன்ட்டி, ஒரு பழைய இத்தாலியன் மூவி. யாருக்குமே தெரியாது. இங்கிலீஷ் சப்டைட்டில்கூட கிடையாது. நீங்க தமிழ்ல பண்ணித் தருவீங்களா? அசோசியேஷன்ல ஸ்கிரீன் பண்ணலாம்” என்றாள்.

ஜலஜா சும்மா பத்து நிமிடம் பார்ப்போம் என்று உட்கார்ந்தாள். முடியும்வரை எழுந்திருக்கவில்லை. அடுப்பில் வைத்த சாம்பார் அடிப்பிடித்தது.

கறுப்பு வெள்ளைப் படம். ‘வெள்ளை மேடுகள்’ என்று பெயரைத் தமிழ்ப்படுத்தலாம். சிசிலித் தீவில் ஒரு உப்பளம். அங்கே உப்பு வாரும் அசுந்தா என்ற பெண்ணை நீனோ என்பவன் காதலிக்கிறான். மாதா கோவிலில் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்கிறான். பிறகு உப்பளத்துச் சொந்தக்காரரின் மகளைக் கட்டிக்கொள்ள வாய்ப்பு வருகிறது. அசுந்தாவை வெறுமனே கைவிட்டால் ஊர் அவனைத் திட்டும். அதனால் அவள் கெட்டுப்போனவள் என்று அவனே ஊரில் பரப்புகிறான். அவள் அவனை நம்பிச் சொன்ன ஒரு விஷயத்தையே எடுத்து, திரித்து, கள்ளுக்கடையில் சொல்கிறான். அவளுடைய அப்பா வெளியே தலைகாட்ட முடியாமல் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அசுந்தா ஊரைவிட்டுப் போகிறாள். பத்தொன்பது வருடம் கழித்து, நீனோ ஊர்ப் பெரிய மனிதனாகித் தன் மகளுக்குக் கல்யாணம் செய்யும் நாளில் திரும்பி வருகிறாள். கத்தி எடுக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. கோவில் வாசலில் நின்று, நடந்ததை நடந்தபடி, பெயர் தேதியோடு சொல்கிறாள். அதுதான் அவளுடைய பழி.

கடைசிக் காட்சியில் நீனோ அவள் தங்கியிருக்கும் அறைக்கு வந்து மண்டியிடுகிறான். மன்னிப்புக் கேட்கிறான். அசுந்தா வெகு நேரம் அவனைப் பார்க்கிறாள். பிறகு சொல்கிறாள்: “மாட்டேன். உனக்கென்று மன்னிப்பு வைத்திருந்தேன். ரொம்ப வருடம் வைத்திருந்தேன். நீ கேட்டு வரவில்லை. கெட்டுப்போய்விட்டது, கொட்டிவிட்டேன்.” அவ்வளவுதான். கதவைத் திறந்து விடுகிறாள். அவன் போகிறான். படம் முடிகிறது.

ஜலஜாவுக்குக் கண்ணீர் வரவில்லை. முதுகு நிமிர்ந்தது.

படத்தின் உரிமை இயக்குநரின் மகள் சில்வானாவிடம் இருந்தது. எண்பது வயதுக்காரி, பலெர்மோவில் இருக்கிறாள். ஜலஜா இத்தாலியனில் கடிதம் எழுதினாள். நான்காம் நாள் பதில் வந்தது. படத்தைத் தாராளமாகக் காட்டிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாள். கூடவே ஒரு கதையும் இருந்தது. முடிவை மாற்றி அசுந்தா மன்னிப்பதாக எடுத்துத் தந்தால்தான் படத்தை நாடெங்கும் வெளியிடுவேன் என்று தயாரிப்பாளர் சொன்னாராம். அப்பா மறுத்தாராம். மூன்றே ஊரில் ஒரு வாரம் ஓடிப் படம் பெட்டிக்குள் போனது. அதற்குப் பிறகு யாரும் அவருக்குப் படம் தரவில்லை. கடைசிவரை கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துப் பிழைத்தார். ‘இந்த முடிவுக்காக என் அப்பா தன் வாழ்க்கையைக் கொடுத்தார். உங்கள் மொழியில் அது சரியாகக் கேட்கட்டும்’ என்று முடித்திருந்தாள் சில்வானா.

ஜலஜா நான்கு மாதம் வேலை செய்தாள். கடைசி வசனத்துக்கு மட்டும் மூன்று வாரம். இத்தாலியனில் இருந்த சொல்லுக்கு ‘ஊசிப்போய்விட்டது’ என்று எழுதினாள், அடித்தாள். ‘புளித்துவிட்டது’ என்று எழுதினாள், அடித்தாள். சமைத்துக்கொண்டே வசனத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். “யாரைத் திட்டற?” என்று வேலுமணி மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பான்.

ஸ்ரீநிவாசன், ‘ரசிகர் வட்டம்’ என்ற சான் ரமோன் தமிழ் அசோசியேஷனின் தலைவர். அறுபத்திரண்டு வயது. பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊரில் பொங்கல் விழாவில் குத்துவிளக்கு ஏற்றுவது முதல், ஊரிலிருந்து வரும் பேச்சாளருக்குப் பொன்னாடை போர்த்துவது வரை அவர் கைதான். வருடத்துக்கு ஒரு உலகப் படம் காட்டுவார்கள். ஜலஜா போனில் சொன்னதும், “இத்தாலியன் கிளாசிக்கா? ப்யூட்டிஃபுல்மா! போட்டுடலாம்” என்றார். படத்தைப் பார்க்கக்கூட இல்லை.

காட்சிக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் பார்த்தார் போலிருக்கிறது. போன் செய்தார்.

“படம் நன்னா இருக்கும்மா. எண்டிங்தான் கொஞ்சம் ஹார்ஷ். ஃபேமிலியா வரா, குழந்தைகள்லாம் வரா. கொஞ்சம் சாஃப்ட் பண்ண முடியுமா?”

“எதை சாஃப்ட் பண்றதுங்க சார்?”

“அந்தக் கடைசி டயலாக். அவ மன்னிச்சுடறான்னு…”

“அவ மன்னிக்கலீங்களே. அவ சொல்லாததை நான் எப்படிங்க எழுதறது?”

“சரி சரி, பாத்துக்கலாம்” என்று வைத்துவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது என்று ஜலஜா நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. கம்யூனிட்டி சென்டர் அரங்கு நிறைந்துவிட்டது. சமோசாவும் காபியும் முடிந்து, ஸ்ரீநிவாசன் மேடையேறிப் பதினைந்து நிமிடம் உலக சினிமாவைப் பற்றிப் பேசினார். முன்வரிசையில் அவர் மனைவி ஸ்வர்ணா, பக்கத்தில் ஆர்யன், அவனுடைய புது மனைவி. ஸ்ம்ருதி கடைசி வரிசையில், அம்மா ஷ்யாமளாவோடு. ஜலஜாவும் வேலுமணியும் நடுவில்.

படம் ஓடியது. ஜனங்கள் சத்தமில்லாமல் பார்த்தார்கள். அசுந்தா கோவில் வாசலில் பேசும்போது யாரோ ஒருத்தி விசும்புவது கேட்டது. ஜலஜாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. நீனோ மண்டியிட்டான். அசுந்தா பார்த்தாள். வாயைத் திறந்து, தலையை ஆட்டி, “நோ” என்றாள். கீழே தமிழில் எழுத்து ஓடியது:

‘எழுந்திருங்கள். தவறு என்மீதும் இருக்கிறது. உங்கள் குடும்பத்தின் மானத்தைக் கெடுத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.’

ஜலஜா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். எழுத்து அப்படியே இருந்தது. அசுந்தாவின் முகத்தில் இரக்கத்தின் சுவடுகூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே எழுத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாவது வரிசையில் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று சத்தமாகக் கேட்டது: “மாம், ஷி செட் நோ! நோன்னுதானே சொன்னா?”

அம்மாக்காரி உஷ் என்று அடக்கினாள்.

ஜலஜாவுக்கு உச்சந்தலை வரை ரத்தம் ஏறியது. நான்கு மாதம் என்பதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்த அந்த மனிதர்தான் நினைவுக்கு வந்தார். எந்தத் தயாரிப்பாளராலும் அவரை மசிய வைக்க முடியவில்லை. சான் ரமோனில் ஒருவர் சமோசா தின்றுகொண்டே அதைச் செய்து முடித்துவிட்டார். வேலுமணி அவள் கையைப் பிடித்தான். உதறிவிட்டு எழுந்தாள்.

“அசுந்தா அப்படிச் சொல்லலீங்க!”

அரங்கு முழுக்கத் திரும்பியது.

“அந்தக் குழந்தை சொன்னதுதான் சரி. மாட்டேன்னு சொன்னா. உனக்குன்னு மன்னிப்பு வச்சிருந்தேன், ரொம்ப வருஷம் வச்சிருந்தேன், நீ கேட்டு வரல, கெட்டுப்போச்சு, கொட்டிட்டேன். இதுதான் அவ சொன்னது. நான் எழுதினதும் இதுதான். இதை யாரோ மாத்தியிருக்காங்க.”

விளக்குகள் எரிந்தன. ஸ்ரீநிவாசன் மைக்கோடு எழுந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, கூட்டம் நடத்திப் பழகிய சிரிப்பு.

“ஜலஜா, ப்ளீஸ், உட்காரும்மா. கம்மிட்டி சின்ன எடிட் பண்ணித்து. மன்னிக்கறதுதானே நம்ம கல்ச்சர்? குழந்தைகளுக்கு ஒரு நல்ல மெசேஜ்…”

“மன்னிக்கிறதுன்னா அவ மன்னிக்கணுங்க சார். அவ வாய்க்குள்ள நீங்க திணிக்கறது மன்னிப்பா? அதுவும், அவ மன்னிச்சான்னுகூட நீங்க எழுதல. ஏமாத்தினவன்கிட்ட அவளே மன்னிப்புக் கேட்டான்னு எழுதியிருக்கீங்க! அவன் பொய் சொன்னான், அவங்கப்பா செத்தாரு, ஊரைவிட்டுப் போனா, இவ எதுக்குங்க மன்னிப்புக் கேக்கணும்? எந்தக் கல்ச்சர்ல?”

“யு ஆர் ஓவர்ரியாக்டிங். திஸ் இஸ் எ ஃபேமிலி ஈவன்ட்.”

“என் பேரை எடுங்க. ‘தமிழில்: ஜலஜா வேலுமணி’ன்னு போட்டிருக்கீங்களே, அதை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டுக்கங்க.”

முன்வரிசையில் ஆர்யன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்வர்ணா மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜலஜா பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எத்தனை பேர் எழுந்தார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் ஸ்ம்ருதி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

“ஆன்ட்டி, ஐ ஆம் சாரி. ஆன்லைன்ல ஸ்டோரி படிச்சுட்டு, நான் இந்த மூவிய ஆன் பர்ப்பஸ்தான் பிக் பண்ணேன். அவங்க எல்லாரும் அந்த ஹால்ல உட்கார்ந்து இதைப் பார்க்கணும்னு.”

“எதைப் பார்க்கணும்?”

ஸ்ம்ருதி சொன்னாள். அப்பா இறந்தபின் அவள் எட்டு மாதம் கவுன்சலிங் போயிருந்தாள். தூக்கம் வராமல் மாத்திரை சாப்பிட்டாள். அது ஆர்யனுக்கு மட்டும் தெரியும். அவளே நம்பிச் சொன்னது. பணக்கார இடத்தில் சம்பந்தம் வந்ததும், பெண்ணுக்கு மனநோய், மறைத்துக் கல்யாணம் செய்யப் பார்த்தார்கள் என்று அவன் வீட்டிலிருந்து பேச்சு கிளம்பியது. ஜாதகம் என்பது ஷ்யாமளாவின் முகத்துக்கு நேராகச் சொன்னது. மற்றவர்களிடம் சொன்னது இது. அதற்குப்பின் ஸ்ம்ருதிக்கு வந்த இரண்டு வரன்களும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போய்விட்டன.

ஜலஜா காரில் சாய்ந்துகொண்டாள். கள்ளுக்கடையில் நீனோ சிரித்துச் சிரித்துச் சொல்லும் அந்தக் காட்சியை எத்தனை முறை நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்திருப்பாள்! ஸ்ரீநிவாசன் எதைக் கண்டு பயந்தார் என்பது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. குழந்தைகளுக்கு மெசேஜாம்!

“ஏன் கண்ணு எங்கிட்ட முதல்லயே சொல்லல?”

“சொன்னா நீங்க பண்ண மாட்டீங்களோன்னு…”

“என்னைக் கேக்காம நீயே முடிவு பண்ணிக்கிட்டியா? நாலு மாசம் பக்கத்துல உட்கார்ந்து டைமிங் பாத்த. ஒரு வார்த்தை சொல்லல.” ஜலஜாவுக்கு அவள்மேலும் கோபம் வந்தது. அதை மறைக்கவும் இல்லை. “சொல்லியிருந்தா இன்னும் நல்லாப் பண்ணியிருப்பேன்.”

ஸ்ம்ருதி அழுதாள். “ஜெயிச்ச மாதிரி இருக்கும்னு நினைச்சேன் ஆன்ட்டி. ஒண்ணுமே ஃபீல் ஆகல.”

“உன் பக்கம் நியாயம் இருக்கறதுக்கு நீ சந்தோஷமா இருக்கணும்னு அவசியமில்ல கண்ணு. போய் அம்மாவைக் கூட்டிட்டு வா. தனியா நிக்கறாங்க பாரு.”

ஞாயிற்றுக்கிழமையே ஜலஜாவை ரசிகர் வட்டத்திலிருந்து நீக்கிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. ‘கண்ணியக் குறைவான நடத்தை’ என்று காரணம் சொல்லியிருந்தார்கள். வாட்ஸப் குரூப்பில் மட்டும் விட்டுவைத்திருந்தார்கள், மறந்துபோயிருக்க வேண்டும். வேலுமணி மின்னஞ்சலைப் படித்துவிட்டு, “கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம்” என்றான். அன்று அவனுக்கு மதியச் சாப்பாடு கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஸ்வர்ணா நின்றிருந்தாள். ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துபவள். ஜலஜாவின் மகனுக்கும் அவள்தான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். காபியைத் தொடவில்லை.

“அந்த நாலு வரியும் நான் எழுதினது” என்றாள்.

“தெரியுங்கக்கா. பிழை இல்லாம இருந்துச்சு. சாருக்குத் தமிழ் எழுத வராது.”

“அவர் சொன்னார். எழுதினேன். முப்பத்தஞ்சு வருஷமா அவர் சொல்றதை அழகாத் தமிழ்ல எழுதித் தரது என் வேலை.” ஸ்வர்ணாவின் குரல் தழைந்தது. “ஸ்ம்ருதி விஷயமும் எனக்குத் தெரியும். அது பொய்யின்னு தெரியும். அந்தப் பொண்ணு எங்காத்துக்கு நாலு வருஷம் வந்து போயிண்டிருந்தா. என்னை அம்மான்னுதான் கூப்பிடுவா. நான் ஒண்ணும் பேசலை.”

ஜலஜாவுக்கு ஒரு நிமிடம் மனம் இளகியது. அடுத்த நிமிடம், இளகியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. இவள் பேசாமல் இருந்ததில் ஒரு பெண்ணின் பெயர் ஊர் முழுக்க நாறியிருக்கிறது.

“இதை எங்கிட்டச் சொல்லி என்னக்கா ஆகப் போவுது? ஷ்யாமளா வீடு ஃப்ரீவேல ரெண்டு எக்ஸிட் தள்ளித்தான் இருக்கு. அங்க போய்ச் சொல்லுங்க.”

“தைரியம் வரலை ஜலஜா.”

“எழுதறதுக்கு வந்துச்சே. அப்ப எழுதுங்க.”

ஸ்வர்ணா எழுந்து போனாள். அவள் ஒன்றும் செய்யப்போவதில்லை என்றுதான் ஜலஜா நினைத்தாள்.

அன்று ஜலஜா சில்வானாவுக்கும் எழுதினாள். நடந்ததை மறைக்காமல் சொல்லி, ‘உங்கள் அப்பாவிடம் நான் பட்ட கடனைச் சரியாகச் செலுத்த முடியவில்லை’ என்று எழுதினாள். மறுநாளே பதில் வந்தது. ‘எங்கள் தயாரிப்பாளர் ஒரு அயோக்கியன். ஆனால் அவன்கூட அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டான். அப்பாவால் முடியாது என்று சொல்ல முடிந்தது. உங்கள் தலைவருக்கு அந்த மரியாதைகூடத் தெரியவில்லை. நீங்கள் எழுந்து நின்றீர்களே, அது போதும்.’

ஜலஜாவுக்குப் போதவில்லை.

புதன்கிழமை பகல், இரண்டு தொலைபேசி அழைப்புகளுக்கு நடுவே அவளுடைய போன் அதிர்ந்தது. முந்நூறு பேர் இருக்கும் ரசிகர் வட்டம் குரூப்பில் ஸ்வர்ணா எழுதியிருந்தாள். நல்ல தமிழில், ஒற்றுப்பிழை இல்லாமல்.

‘சனிக்கிழமை திரையிட்ட படத்தின் கடைசி வசனங்கள் ஜலஜா எழுதியவை அல்ல. என் கணவர் சொல்லி நான் எழுதியவை. அவை பொய். ஸ்ம்ருதியின் உடல்நலத்தைப் பற்றி எங்கள் வீட்டிலிருந்து வெளியே போன பேச்சும் பொய். அது பொய் என்று தெரிந்தே நான் மௌனமாக இருந்தேன். ஷ்யாமளாவிடமும் ஸ்ம்ருதியிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அவர்கள் மன்னிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.’

ஒன்பது நிமிடத்தில் அந்தச் செய்தி அழிக்கப்பட்டது. குரூப்பின் அட்மின் ஸ்ரீநிவாசன். ஆனால் ஒன்பது நிமிடம் என்பது சான் ரமோனில் நிறைய நேரம். சாயங்காலத்துக்குள் அதன் ஸ்கிரீன்ஷாட் டாலஸ், நியூ ஜெர்சி வரை போய்விட்டது. ஷ்யாமளா போன் செய்து அழுதுவிட்டு வைத்தாள். ஸ்வர்ணாவுக்கு ஸ்ம்ருதி பதில் போடவில்லை. “இப்ப இல்ல ஆன்ட்டி. எப்பவாவது பண்ணுவேனான்னும் தெரியல” என்றாள். அது ஸ்ம்ருதி சொல்ல வேண்டிய பதில்.

அன்றிலிருந்து ஜலஜாவின் போனுக்குச் செய்திகள் வர ஆரம்பித்தன. எல்லாம் தனித்தனியாக. ‘வெல் டன் அக்கா.’ ‘எங்களுக்கும் அந்த ஆளைப் பிடிக்காது.’ ‘நீங்க எவ்ளோ போல்ட்!’ ‘நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க ப்ளீஸ்.’ வெள்ளிக்கிழமைக்குள் நாற்பதுக்கு மேல் ஆகிவிட்டன. குரூப்பில் ஒரு வார்த்தை இல்லை. அங்கே கிரிக்கெட் ஸ்கோரும், யாரோ விற்கும் சோபாவின் போட்டோவும், ஸ்ரீநிவாசன் போட்ட ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூவும், அதற்கு இருபது கும்பிடுகளும் இருந்தன.

அந்தக் கும்பிடு போட்டவர்களில் பாதிப் பேர் அவளுக்கு வெல் டன் சொன்னவர்கள். சனிக்கிழமை அரங்கில் ஏறிய கோபத்தைவிடப் பெரிய கோபம் அப்போதுதான் ஜலஜாவுக்கு ஏறியது. உட்கார்ந்து, நாற்பது பேருக்கும் தனித்தனியாக ஒரே பதிலை அனுப்பினாள்: ‘இதை எனக்கு அனுப்பாதீங்க. குரூப்பில் போடுங்க. ஸ்ம்ருதி பேரைச் சொல்லிப் போடுங்க.’

மூன்று பேர் போட்டார்கள். அதில் ஒருத்தி, இரண்டாவது வரிசைக் குழந்தையின் அம்மா.

வேலுமணி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தட்டச்சு செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏனுங்க, நீங்க போட்டீங்களா?” என்றாள் ஜலஜா, தலையைத் தூக்காமல்.

“நான் உன் வீட்டுக்காரன். நான் போட்டா அதுக்கு என்ன மதிப்பு?”

“முதல்ல போடுங்க. மதிப்பை அப்புறம் பாத்துக்கலாம்.”

வேலுமணி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, தமிழிலேயே அடிக்க ஆரம்பித்தான்.